சுருதி இறங்கிய சிவப்பு கிட்டார்

திங்கட்கிழமை, காலை 10.05

"இது எங்கப்பாவோட கிட்டார் இல்ல."

நர்ஸ் இதைக் கத்திச் சொல்லவில்லை. வார்டில் பக்கத்துக் கட்டில்காரர் தூக்கம் கலைந்துவிடக் கூடாது என்பது போல அடக்கமாகத்தான் சொன்னாள். அதுதான் அக்காவைப் பயமுறுத்தியது. கத்துகிறவர்களை எப்படியாவது சமாதானப்படுத்திவிடலாம்.

அக்கா அப்போதுதான் டிபன் பாக்ஸும் கையுமாக மாடியேறி வந்திருந்தாள். அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் காது மூக்கு தொண்டை கிளினிக். அங்கே காது டெஸ்ட் எடுப்பது அவள் வேலை. ஆளைக் கண்ணாடி அறையில் உட்கார வைத்து, ஹெட்ஃபோனை மாட்டி, 'சத்தம் கேட்டா கையைத் தூக்குங்க' என்று இருபத்திரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். இரண்டாவது மாடியில் அவள் தம்பியின் கிட்டார் பட்டறை. சாப்பாட்டை மறந்துவிட்டு வருவது அவன் வழக்கம், திட்டிக்கொண்டே கொண்டுவந்து கொடுப்பது இவள் வழக்கம்.

மேசைமேல் பெட்டி திறந்து கிடந்தது. உள்ளே சிவப்பு கிட்டார், நங்கூர மார்க். விளிம்பில் சிகரெட் சுட்ட தழும்பு, கை உரசிச் சாயம் போன இடம், கீழ்மூலையில் மூன்று கீறல். புயலின் போஸ்டரில் இருக்கும் அதே கிட்டார்தான் என்று யாரும் அடித்துச் சொல்வார்கள்.

புயல் என்பது பட்டப்பெயர். முப்பது வருஷத்துக்கு முன்னால் மேடைகளைக் கலக்கிய ராக் கிட்டார்காரன். மூன்று ஆல்பம் போட்டான், கூட இருந்த அத்தனை பேரோடும் சண்டை போட்டான், குடித்தான், குடித்ததை மறக்கவும் குடித்தான், இருபத்தொன்பது வயதில் போய்ச் சேர்ந்தான். அவனுடைய ஒரே மகள்தான் இந்த நர்ஸ். அவன் அவளுக்கென்று விட்டுப்போனது இந்தக் கிட்டார் ஒன்றைத்தான். கம்பியை முறுக்கும் கீ ஒன்று ஆடுகிறது என்று சனிக்கிழமை தம்பியிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள்.

அவள் கிட்டாரைத் திருப்பிக் காட்டினாள். பின்பக்கம் வழவழவென்று இருந்தது.

"இங்க என் பேரோட முதல் எழுத்து இருக்கும். நாலு வயசுல ஆணியால கீறினேன். அப்பா அடிக்கல, சிரிச்சார். எந்த போட்டோவுலயும் பின்பக்கம் வந்ததில்ல. அதான் இதைச் செஞ்ச ஆளுக்குத் தெரியல."

தம்பி குனிந்து பின்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தான்.

"பட்டறைச் சாவி யார்கிட்ட இருக்கு?" என்று நர்ஸ் கேட்டாள்.

"என்கிட்டதான் சிஸ்டர்."

"வேற?"

"வேற யார்கிட்டயும் இல்ல."

நர்ஸ் தலையசைத்தாள். பிறகு, வருஷக்கணக்கான பழக்கம் போலிருக்கிறது, ஆறு கம்பியையும் கட்டைவிரலால் ஒருமுறை தடவிவிட்டாள். கம்பிகள் ஒன்றோடொன்று இசைந்து அழகாக ஒலித்தன. அக்காவின் புருவம் மட்டும் சுருங்கியது.

"ஆறு மணிக்கு டியூட்டி முடிஞ்சு வருவேன். என் கிட்டார் இங்க இருக்கணும். இல்லேன்னா நேரா ஸ்டேஷன்தான். உங்க பேரைத்தான் எழுதிக் குடுப்பேன், ஏன்னா வேற யார் பேரும் எனக்குத் தெரியாது."

காலை 10.30

"அழுது முடிச்சுட்டியா? இப்ப பதில் சொல்லு" என்றாள் அக்கா. "கடைசியா அசல் கிட்டாரை எப்பப் பாத்த?"

"நேத்து நாலு மணிக்கு. பெட்டியில வச்சு உள்ரூம்ல வச்சேன். ஆறரைக்குப் பட்டறையைப் பூட்டினேன். பெட்டியைத் திறந்து பாக்கல."

"பூட்டு?"

"உடையல. ஜன்னல்ல கம்பி இருக்கு."

"அப்போ நாலுக்கும் ஆறரைக்கும் நடுவுல, வந்தவங்கதான். யார் யார்?"

அது அக்காவுக்கே தெரிந்ததுதான். பன்னிரண்டு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இங்கே ஒரு கச்சேரி நடக்கும். வாய்க்கச்சேரி. பல் டாக்டர் கழுகு மார்க் கிட்டாருக்குப் பரம பக்தர். நங்கூர மார்க்கை விறகு என்பார். பஸ் டிரைவருக்கு நங்கூரத்தைக் குறை சொன்னால் கை முறுக்கேறிவிடும். பள்ளிக்கூடத்துப் பாட்டு வாத்தியாருக்கு இரண்டுமே ஒன்றுதான். செத்துப்போன கிட்டார்காரர்களைப் பற்றித்தான் அவர் வாய் திறப்பார். ஒருத்தன் ஹோட்டல் ரூமில் செத்தான், ஒருத்தன் காரில் செத்தான், ஒருத்தன் மேடையிலிருந்து இறங்கிப் போனவன் திரும்பவே இல்லை. குடி இருந்ததால் அந்த வாசிப்பு வந்ததா, குடி இல்லாவிட்டால் இன்னும் நல்ல வாசிப்பு வந்திருக்குமா? இந்தக் கேள்விக்குப் பன்னிரண்டு வருஷமாகப் பதில் கிடைக்கவில்லை, கிடைத்துவிட்டால் அடுத்த வாரம் எதற்குக் கூடுவது என்ற பயமாகவும் இருக்கலாம்.

"மூணு பேரும் உள்ரூமுக்குப் போனாங்களா?"

"கை கழுவ, போன் பேச, எதுக்காவது போயிட்டுத்தான் வந்தாங்க. மூணு பேர்கிட்டயும் கிட்டார் பெட்டி இருந்துச்சு. பெட்டி இல்லாம வந்தா இங்க மரியாதையே கிடையாதேக்கா."

"இந்தக் கிட்டார் வரப்போகுதுன்னு எப்பலேர்ந்து தெரியும்?"

"ஒரு மாசமா. சிஸ்டர் போன் பண்ணின அன்னிக்கே எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். சந்தோஷம் தாங்கலை."

அதே வருஷத்து நங்கூர மார்க் ஒன்றைத் தேடிப் பிடித்து, போட்டோவைப் பார்த்துத் தழும்பெல்லாம் போட ஒரு மாசம் தாராளம். தம்பியின் வாயே தம்பிக்கு எமன் என்று நினைத்துக்கொண்டாள் அக்கா.

"கீயைச் சரி பண்ணிட்டியா?"

"நேத்து மூணு மணிக்கு அடியில மரச்செதில் வச்சுப் பசை போட்டேன். ராத்திரி பூரா காயணும். இழுவை இருக்கக் கூடாதுன்னு ஆறு கம்பியையும் தளர்த்தி விட்டேன். டாக்டரும் டிரைவரும் பக்கத்துல நின்னுதான் பாத்தாங்க. அப்புறம்தான் வாத்தியார் வந்தார்."

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அந்தச் சுருதி அளவு பாக்கற மெஷினை எடு. அஞ்சாவது கம்பி எவ்வளவுல நிக்கணும்?"

"செகண்டுக்கு நூத்திப் பத்து அதிர்வு."

மெஷின் நூற்றேழு காட்டியது. மற்ற ஐந்து கம்பிகளும் அதே கணக்கில் இறங்கியிருந்தன. தம்பி துள்ளி எழுந்தான்.

"டிரைவர்தான்க்கா! புயல் சுருதியை அரைப்படி இறக்கித்தான் வாசிப்பாராம், அதனால இவனும் இறக்கியே வச்சுப்பான்!"

"அரைப்படி இறக்கினா எவ்வளவு வரணும்?"

"நூத்தி நாலு."

"இது ஏழு."

"ஒரு ராத்திரியில கொஞ்சம் முன்னப்பின்ன ஆயிருக்கும்."

"ஆறும் ஒரே அளவு முன்னப்பின்ன ஆகுமா?"

அக்கா கிளினிக்குக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு, மெஷினைக் கைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

காலை 11.45

பல் டாக்டரின் அறையில் பல்லைவிடக் கிட்டார்தான் அதிகம். சுவரில் ஏழு கழுகுகள் வரிசையாக மாட்டியிருந்தன. ஒவ்வொன்றின் தலையிலும் சுருதி பார்க்கும் குட்டி மெஷின் ஒன்று கவ்விக்கொண்டிருந்தது.

"நங்கூரத்தை நான் திருடினேன்னு வெளியில சொல்லாதீங்க, என் மானம் போயிடும்" என்று சிரித்தார். சிரிப்பு சீக்கிரமே வற்றிவிட்டது.

"நேத்து அஞ்சு மணிக்கே ஏன் கிளம்பினீங்க?"

"பேஷன்ட் போன்."

"ஞாயித்துக்கிழமையா?"

"பல்வலிக்குக் கிழமை தெரியாதுக்கா."

"கிட்டாரைத் தொட்டீங்களா?"

"கம்பி கொடிக்கயிறு மாதிரி தொங்குச்சு. அதைத் தொட்டு என்ன பண்றது?" குரலைத் தாழ்த்திக்கொண்டார். "தப்பா எடுத்துக்காதீங்க. அவ்வளவு தத்ரூபமா காப்பி பண்ற கை நமக்குத் தெரிஞ்சு ஒண்ணுதான். அது உங்க தம்பியோடது."

அக்கா எழுந்து போகிற போக்கில் ஒரு கழுகின் ஐந்தாவது கம்பியைச் சுண்டினாள். நூற்றிப் பத்து, சுத்தமாக. இவரோடுதான் தம்பி பன்னிரண்டு வருஷம் ஒரே கெட்டிலில் டீ குடித்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டே வெளியே வந்தாள்.

மதியம் 1.20

பஸ் டிப்போவின் ஓய்வறையில் டிரைவர் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் கண் கலங்கிவிட்டது. அழுகை நிஜமா நடிப்பா என்று அக்காவால் சொல்ல முடியவில்லை. காதை அளக்க மெஷின் இருக்கிறது, கண்ணீரை அளக்க இல்லை.

"தொட்டீங்களா?"

"தொட்டேன். ஒரே ஒரு தடவை. கம்பி தொளதொளன்னு இருந்துச்சு. அந்த மனுஷன் கை வச்ச இடத்துல கை வச்சேன், போதும்னு வந்துட்டேன்."

"உள்ரூம்ல எவ்வளவு நேரம் இருந்தீங்க?"

"பத்து நிமிஷம் இருக்கும்."

"கை வைக்கறதுக்குப் பத்து நிமிஷமா?"

டிரைவர் தலையைக் குனிந்துகொண்டார். "அழுதேன்க்கா. வெளிய அழுதா டாக்டர் கிண்டல் பண்ணுவார்." பிறகு, "தம்பியை நம்பாம இருக்க மனசு வரல. ஆனா சாவி அவன்கிட்டதானே இருந்துச்சு?" என்றார்.

அவர் கிட்டார் லாக்கரில்தான் இருந்தது. அக்கா சுண்டிப் பார்த்தாள். நூற்று நாலு.

மாலை 3.40

பள்ளிக்கூடத்தின் பாட்டு அறை காலியாக இருந்தது. ஓர் ஓரமாக, சாயம் போன பழைய பியானோ. அதன் மூடியில் ஒட்டியிருந்த காகிதத்தில் 'கம்பிகள் மிகப் பழசு. இதற்கு மேல் முறுக்க வேண்டாம்' என்று எழுதியிருந்தது. இருபத்தாறு வருஷமாக இந்தப் பியானோவோடுதான் மல்லுக்கட்டுவதாக வாத்தியார் சொன்னார்.

"புயலோட கிட்டாரை நான் எடுத்து என்ன பண்ணப் போறேன்? குடிச்சே அழிஞ்சவன் அவன். என்கிட்ட இருந்தா பரண்லதான் போடுவேன்."

"நேத்து அதைப் பாத்தீங்களா?"

"கண்ணெடுத்தும் பாக்கல."

"நீங்க ஏன் அங்க வாசிக்கறதே இல்ல?"

"அவங்க மூணு பேரும் மெஷினைப் பாத்து வாசிக்கறவங்க. காது இருக்கறவனுக்கு மெஷின் எதுக்கு? நான் பேசத்தான் போறேன். வாசிக்கறதுக்குப் பிள்ளைங்க இருக்காங்க, இந்தப் பியானோ இருக்கு." பெருமூச்சு விட்டார். "தம்பி பாவம், ஏதோ சபலம். ஸ்டேஷனுக்குப் போக வேணாம்னு அந்தப் பொண்ணுகிட்ட நானே எடுத்துச் சொல்றேன்."

தலைமையாசிரியர் கூப்பிடுகிறார் என்று பியூன் வந்து சொல்ல, வாத்தியார் வெளியே போனார். அவர் திரும்பி வர மூன்று நிமிஷம் ஆயிற்று. அதற்குள் அக்கா பியானோவின் ஒரே ஒரு கட்டையை நாலைந்து தடவை அழுத்திவிட்டு, மெஷினைக் கைப்பைக்குள் போட்டிருந்தாள்.

"அஞ்சரைக்குப் பட்டறைக்கு வந்துடுங்க வாத்தியாரே. அந்தப் பொண்ணுகிட்ட எடுத்துச் சொல்லணும்னு சொன்னீங்களே."

மாலை 5.30

மூன்று பேரும் வந்துவிட்டார்கள். தம்பியின் முகத்தை யாரும் நேராகப் பார்க்கவில்லை. நர்ஸும் சீக்கிரமே வந்து வாசலோரம் நின்றிருந்தாள்.

அக்கா போலிக் கிட்டாரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"எனக்கு வாசிக்கத் தெரியாது. கேக்க மட்டும்தான் தெரியும். காலையில சிஸ்டர் இதைத் தடவினப்போ கம்பியெல்லாம் விறைப்பா, சுருதியோட இருந்துச்சு. ஆனா அசல் கிட்டார்ல கம்பி எப்படி இருந்துச்சு டாக்டர்?"

"கொடிக்கயிறு மாதிரி."

"தளர்த்தி விட்டது யாரு?"

"தம்பிதான். நான் பக்கத்துலதான் நின்னேன்."

"சிகரெட் தழும்பைக்கூட விடாம காப்பி பண்ணின ஆளு, தன் கையால தளர்த்தின கம்பியை மறந்துட்டு, போலியில விறைப்பா விட்டு வைப்பானா? தம்பி மாத்தியிருந்தா இதுலயும் கம்பி தொங்கியிருக்கும். இதைக் கொண்டு வந்த ஆளுக்கு அசல் எந்த நிலைமையில இருக்குன்னு தெரியாது. பெட்டியைத் திறந்த அப்புறம்தான் பாத்திருப்பார். ஆறு கீயையும் திருகித் தளர்த்த அவகாசம் இல்ல."

"அவனே வேணும்னுகூட அப்படி விட்டிருக்கலாமே" என்றார் டாக்டர். மனிதர் விடுவதாக இல்லை.

"இருக்கலாம். அதனாலதான் நான் இன்னிக்கு ஊரெல்லாம் சுத்தினேன். இந்தப் போலி எல்லாக் கம்பியும் ஒரே கணக்குல இறங்கி நிக்குது. காலையில தம்பி டிரைவரைச் சொன்னான்."

டிரைவர் பாய்ந்து எழுந்தார். "என்னையா?"

"உக்காருங்க. உங்களோடது நூத்தி நாலு. டாக்டரோடது நூத்திப் பத்து. இந்தப் பட்டறையில இருக்கற எல்லாமே நூத்திப் பத்து. இது நூத்தி ஏழு. மெஷின் வச்சு எவனும் நூத்தி ஏழுல கொண்டுபோய் நிறுத்த மாட்டான். இதைச் சுருதி சேர்த்தவருக்கு மெஷின் கிடையாது, காதுதான். நல்ல காது. ஆறு கம்பியும் ஒண்ணோட ஒண்ணு அவ்வளவு சுத்தமா சேருது. அந்தக் காது எதைக் கேட்டுப் பழகிச்சோ, அதுதான் இறங்கியிருக்கு."

அக்கா ஆறு கம்பியையும் கட்டைவிரலால் ஒருமுறை தடவிக் காட்டினாள்.

"கம்பி அறுந்துடும்னு பயந்து, முழுசா முறுக்காமலே வச்சிருக்கற பழைய பியானோ ஒண்ணு இருக்கு. அதுல இந்த அஞ்சாவது கம்பிக்கு ஈடான கட்டையை அழுத்திப் பாத்தேன். நூத்தி ஏழு. இருபத்தாறு வருஷம் அதைக் கேட்டவருக்கு அதுதான் சரியான சுருதி. போலி செய்யறப்போ ஒண்ணைத்தவிர எல்லாத்தையும் யோசிச்சீங்க வாத்தியாரே. உங்களை மாதிரி ஆளுங்க கையில ஒரு கிட்டார் வந்தா முதல்ல சுருதி சேர்ப்பீங்க, அது உங்களை அறியாமலே நடக்கும்."

வாத்தியார் மறுப்பார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"பாட்டு ரூம் பீரோ. மேல்தட்டு."

டிரைவர் சாவியைப் பிடுங்காத குறையாக எடுத்துக்கொண்டு படியில் இறங்கி ஓடினார்.

மாலை 6.10

அசல் வந்தது. நர்ஸ் முதல் வேலையாகத் திருப்பிப் பார்த்தாள். கோணல்மாணலாக ஓர் எழுத்து. அதன்மேல் விரலை ஓட்டினாள்.

தம்பி வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பசை போட்டு ஒட்டிய கீ பிய்த்துக்கொண்டு சாய்ந்திருந்தது. மற்ற ஐந்து கம்பிகளும் விறைப்பாக இருந்தன.

"இதையும் சுருதி சேர்த்துட்டீங்களா?" என்றான். "பசை காயவே இல்லையே வாத்தியாரே."

"தளர்ந்து கிடந்துச்சு. அப்படியே விட மனசு வரல." வாத்தியார் அப்போதுதான் முதல்முறையாக உடைந்தார். "அது என் கிட்டார். முதல் சம்பளத்துல வாங்கினது. புயலோட முதல் குழுவுல ரெண்டாவது கிட்டார் நான்தான். ஒரே ஒரு கச்சேரிக்குக் குடுன்னு வாங்கிட்டுப் போனான். அதோட சரி. அவனும் திருப்பிக் குடுக்கல, குழுவுலேர்ந்தும் என்னைக் கழட்டிவிட்டான். போஸ்டர்ல எல்லாம் என் கிட்டார், அவன் முகம்."

பன்னிரண்டு வருஷத்தில் ஒருநாள்கூட அவர் இதைச் சொன்னதில்லை.

"என்கிட்டயே கேட்டிருக்கலாமே" என்றாள் நர்ஸ்.

"கண்ட இடத்துலயெல்லாம் உங்கப்பாவைக் குடிகாரன்னு பேசிட்டு, உங்க முன்னால வந்து எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுக் கேக்கறது?"

"எங்கப்பா குடிகாரர்தான். அதை நீங்க சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா?" அவள் குரல் இப்போதும் உயரவில்லை. "கிட்டார் உங்களுதாவே இருக்கட்டும். பட்டறைக்காரரோட நல்ல பேர் உங்களுது இல்லையே. அதை எதுக்குங்க எடுத்தீங்க?"

நர்ஸ் தம்பியின் பக்கம் திரும்பினாள்.

"ஸ்டேஷனுக்குப் போறதா வேணாமான்னு நீங்க சொல்லுங்க. களங்கம் வந்தது உங்களுக்குத்தான்."

தம்பி வேண்டாம் என்று தலையாட்டினான். வாத்தியார் தன் காலிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் இறங்கிப் போனார்.

"பசை காய எவ்வளவு நேரம் ஆகும்?" என்று நர்ஸ் கேட்டாள்.

"இன்னொரு ராத்திரி."

"சரி, போட்டு வைங்க. நாளைக்கு வந்து எடுத்துக்கறேன்." கிட்டாரை அவன் கையில் கொடுத்துவிட்டுக் கிளம்பினாள். சாவி யாரிடம் இருக்கும் என்று கேட்கவில்லை.

தம்பி மேசைமுன் உட்கார்ந்து கம்பிகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தத் தொடங்கினான். டாக்டரும் டிரைவரும் போகவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் தவித்தார்கள்.

"தப்பா நினைச்சுக்காதடா" என்றார் டிரைவர். "ஞாயித்துக்கிழமை வரட்டுமா?"

"சந்தேகப்பட்டதை நான் தப்பு சொல்ல மாட்டேன்" என்றான் தம்பி, தலையைத் தூக்காமல். "ஆனா விஷயம் மத்தியானத்துக்குள்ள உங்க ரெண்டு பேருக்கும் தெரிஞ்சுபோச்சு. ஒருத்தராவது ஒரு போன் போட்டு, 'நீ எடுத்தியாடா'ன்னு என்கிட்டயே கேட்டிருக்கலாம். அக்காகிட்டதானே சொன்னீங்க."

அவர்கள் இறங்கிப் போகும் காலடிச் சத்தம் கீழ்ப்படி வரை கேட்டது. அக்கா காலையில் கொண்டுவந்த டிபன் பாக்ஸ் திறக்காமலே கிடந்தது. அதைத் திறந்து தம்பியின் முன்னால் தள்ளினாள்.

"சாப்பிடு."

"பசை போட்டுட்டுச் சாப்பிடறேன்க்கா" என்றான் தம்பி. "நாளைக்கு சிஸ்டர் வந்துடுவாங்க."